உங்களுக்குத் தெரியுமா?

குருமாவுக்கு அரைக்கும் கசகசா, நோயையும் காட்டிக்கொடுக்கும்! பெருங்குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க, சுமார் 50 கிராம் கசகசாவைத் தயிரில் கலந்து சாப்பிடக் கொடுத்து, 48 மணி நேரச் சிறுநீரைச் சோதிப்பார்கள். விதை தென்பட்டால் ஓட்டை இருக்கிறது.

• சி.டி. ஸ்கேனில் சிறுநீர்ப்பைக்குள் காற்று தெரிவதும் வலுவான தடயம்.

• ஆண்களுக்கே அதிகம் வருகிறது. பெண்களுக்குக் கருப்பை நடுவில் அரணாக நிற்கிறது.

• பெரும்பாலும் காரணம், பெருங்குடல் சுவரில் பிதுங்கும் சிறு பைகளில் வரும் அழற்சி.

• ஆபரேஷனில் பழுதான குடல் பகுதியை நீக்கி, முனைகளை இணைக்கிறார்கள். சிறுநீர்ப்பையில் ஓட்டை சிறியதானால் பெரும்பாலும் தையல்கூட வேண்டாம். சில நாள் கதீட்டர் இருந்தால் தானே மூடிவிடும்.

சிறுநீரோடு காற்றுக்குமிழி வந்தால், கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். முக்கிய அறிகுறியே அதுதான்.