பல்லும் அலகும் சேர்ந்த பறவை

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 1872ஆம் ஆண்டு புவியியல் பேராசிரியர் பெஞ்சமின் மட்ஜ் கண்டெடுத்த சுண்ணாம்புப் பாறையில், சிறு பறவையொன்றின் எலும்புகளும் பல் நிறைந்த தாடைகளும் சேர்ந்தே கிடந்தன. அவற்றை ஆராய்ந்த யேல் பல்கலைக்கழகத்தின் ஓத்னியல் சார்லஸ் மார்ஷ், உடலெலும்புகளுக்கு இக்தியோர்னிஸ் என்று பெயரிட்டு, தாடைகளைக் கடலில் வாழ்ந்த சிறிய ஊர்வன விலங்கொன்றுக்கு உரியவை எனக் கொண்டு அதற்குக் கோலனோசாரஸ் என்று வேறொரு பெயரையும் சூட்டினார். ஒட்டியிருந்த பாறையை மேலும் நீக்கியபின் இரண்டும் ஓர் உயிருக்கே உரியவை என்பது தெளிவாக, 1873இல் அவரே தம் முடிவைத் திருத்தினார். பல்லுள்ள தொல்பறவைகளைப் பற்றி அவர் 1880இல் வெளியிட்ட பெருநூலைப் பெற்ற சார்லஸ் டார்வின், இருபது ஆண்டுகளில் பரிணாமக் கொள்கைக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆதரவு மார்ஷின் ஆய்வுகளே என்று அவருக்குக் கடிதம் எழுதினார்.

இப்பறவை வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில், அதாவது ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்காவை இரண்டாகப் பிளந்துகொண்டு ஆழமற்ற கடலொன்று பரவியிருந்தது. நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் அதன் அடியில் படிந்து இறுகியவையே கன்சாஸின் வெண்பாறைகள். கடற்பறவையான ஆலாவைப் போன்ற உருவமுடைய இக்தியோர்னிஸின் மார்பெலும்பில், பறப்பதற்கான தசைகள் பற்றிக்கொள்ளும் மேடு நன்கு வளர்ந்திருந்ததால், அது திறம்படப் பறந்தது என்பதில் ஐயமில்லை.

மண்டையோடு மட்டும் நெடுங்காலம் புதிராகவே இருந்தது. பாறையின் அழுத்தத்தில் நசுங்கிய எலும்புகளிலிருந்து முழு வடிவத்தை அறிய இயலவில்லை. ஊடுகதிர்களால் உட்புறத்தை அடுக்கடுக்காகப் படம்பிடிக்கும் சி.டி. ஸ்கேன் முறையைப் புதிய மாதிரிகளுக்கும் பழைய மாதிரிகளுக்கும் பயன்படுத்தி, 2018இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு அவ்வடிவத்தை மீட்டெடுத்தது. தாடையின் நுனியில் பல்லற்ற சிறு அலகு இருந்தது. அதன் பின்னால் பல்வரிசை நீண்டது. இவற்றினும் வியப்பளிப்பது மண்டையோட்டின் பின்பகுதியே: மூளை இன்றைய பறவைகளின் மூளையை ஒத்திருக்க, தாடையை இயக்கும் தசைகளுக்கான இடமோ டைனோசர்களுக்கு இருந்ததைப் போலவே அகன்றிருந்தது. ஆகவே அத்தசைகள் சிறுத்து, தாடை முழுதும் அலகாக மாறுவதற்கு முன்பே பறவை மூளை உருப்பெற்றுவிட்டது என்று கொள்ளவேண்டும்.

இக்தியோர்னிஸ் இன்றைய பறவைகளின் நேரடி மூதாதை அன்று, நெருங்கிய உறவுக் கிளையே. 48 பறவையினங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வு, பல்லின் எனாமலை உருவாக்கும் மரபணுக்கள் இன்றைய பறவைகளின் பொது மூதாதையிலேயே, சுமார் 11.6 கோடி ஆண்டுகளுக்கு முன், செயலிழந்தன எனக் கணித்தது. அக்கணிப்பின்படி, இக்தியோர்னிஸ் அக்கடலின் மேல் பறந்த காலத்தில், பல்லைத் துறந்த அதன் உறவுக் கிளையும் உலகில் வாழ்ந்துகொண்டிருந்தது.