துணி காயவில்லையா? முதலில் காற்று போகும் வழியைப் பாருங்கள்

ஆண்டு இறுதியில் பருவமழை தொடங்கிவிட்டால் மலேசிய வீடுகளில் அதிகம் கேட்கும் புலம்பல், "துணி காயவில்லையே" என்பதுதான். கொடியில் போட்ட பள்ளிச் சீருடை இரண்டு நாளாகியும் ஈரம் போகாமல் வாடை அடிக்கும். சுயசேவை டோபிக் கடைகளில் பார்க்கும் எரிவாயு உலர்த்தியின் சிறிய வடிவம் இன்று பல வீடுகளின் பின்கட்டில் இடம்பிடித்திருப்பதற்கு இதுவே காரணம். வாங்கும்போது இருக்கும் அக்கறை, வாங்கிய பிறகு அதைப் பராமரிப்பதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு தாமான் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். உலர்த்தி ஒன்றரை மணி நேரம் ஓடியும் துணி ஈரமாகவே இருந்தது. பழுதுபார்க்க வந்த இளைஞரிடம் வீட்டுக்கார அம்மா முறையிட்டார்.

"தம்பி, கேஸ் சரியா வரல போல. தோம்ப மாத்தணுமா பாருங்க."

"கேஸ் நல்லாதான் வருதுக்கா. தீ பத்துது, கொஞ்ச நேரத்துல தானா அணையுது. சூடு வெளியே போக வழியில்ல. வெளியில இருக்கிற குழாயை வந்து பாருங்க."

வெளியே போய்ப் பார்த்தால், புகைக்குழாயின் வாயில் மைனா கூடு கட்டியிருந்தது. கூட்டை எடுத்துவிட்டு இயந்திரத்தின் பின்பக்கத்தைத் திறந்த இளைஞரின் முகம் மாறியது. உள்ளே இருக்க வேண்டிய பாதுகாப்பு பியூஸ் இல்லை. அதன் இரண்டு கம்பிகளும் நேராக முறுக்கி இணைக்கப்பட்டிருந்தன.

"இதை யாருக்கா செஞ்சது?"

"போன தடவை வந்தவரு. சாமான் கிடைக்கல, இப்போதைக்கு ஓடும்னாரு."

"வீடு எரியாம இருக்கத்தான்கா அந்த பியூஸ் அறுந்துச்சு. அதைப் போய் எடுத்துட்டாரே!"

அந்தக் குடும்பம் பல வாரங்களாக எந்த ஆபத்தோடு வாழ்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இயங்கும் விதம்

எரிவாயு உலர்த்திக்கு மின்சாரமும் வேண்டும். உருளையைச் சுழற்றுவதும் விசிறியை ஓட்டுவதும் தீப்பொறி உண்டாக்குவதும் மின்சாரம். காற்றைச் சூடாக்குவது மட்டுமே எரிவாயு. விசிறி இழுக்கும் காற்று தீயின் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு, சுழலும் துணிகளின் ஊடே புகுந்து, ஈரத்தைச் சுமந்து, பஞ்சு வடிகட்டியைக் கடந்து, புகைக்குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே போகிறது.

எரிவாயு எரியும்போதும் நீராவி உண்டாகிறது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ நீர் ஆவியாக வெளிவரும். துணியின் ஈரம், இந்த நீராவி, எரிந்த புகை மூன்றும் அந்த ஒரே குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குழாய் அடைபட்டால் துணி காயாது. இயந்திரத்தின் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும்.

அப்போது தெர்மோஸ்டாட் தீயை அணைக்கும். அதையும் மீறிச் சூடு ஏறினால் தெர்மல் பியூஸ் அறுந்து இயந்திரத்தை நிறுத்தும். ஆகவே, பியூஸ் அறுந்துவிட்டது என்றால் புதியதைப் போட்டால் மட்டும் போதாது. அது ஏன் அறுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் பஞ்சுத் தூசி அடைத்த வழியே அதற்குக் காரணமாக இருக்கும்.

இது வீண் பயமுறுத்தல் அல்ல. 2008 முதல் 2010 வரையிலான காலத்தில் அமெரிக்கக் குடியிருப்புகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 தீ விபத்துகள் துணி உலர்த்திகளால் ஏற்பட்டதாக அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் மதிப்பிட்டது. மின் உலர்த்தி, எரிவாயு உலர்த்தி இரண்டும் இதில் அடங்கும். முதன்மைக் காரணமாக அது சொன்னது, சுத்தம் செய்யாமல் விடுவதைத்தான்.

அறிகுறியும் காரணமும்

இயந்திரம் அசையவே இல்லையா? முதலில் சுவரில் உள்ள பிளக்கையும் சுவிட்சையும் பாருங்கள். கதவு சரியாக மூடாவிட்டாலும் அது ஓடாது. இவை சரியாக இருந்தால் பியூஸ் அறுந்திருக்கலாம்.

உருளை சுற்றுகிறது, ஆனால் சூடு இல்லையா? எரிவாயு வால்வு திறந்திருக்கிறதா, தோம்பு காலியா என்று பாருங்கள். புதிய தோம்பு மாட்டியதும் குழாயில் காற்று தங்கியிருக்கும். ஓரிரு முறை முயன்ற பிறகே தீ பற்றும். அதன் பிறகும் பற்றவில்லை என்றால், பற்றவைக்கும் பாகத்தையோ தீயை உணரும் பாகத்தையோ தொழில்நுட்பர் சோதிக்க வேண்டும்.

முதலில் சூடாகி, பிறகு குளிர்ந்துபோகிறதா? காற்று வழி அடைபட்டிருக்கலாம். வழி சுத்தமாக இருந்தும் இப்படி நடந்தால், எரிவாயு வால்வைத் திறக்கும் மின்சுருள் சூடேறியதும் செயலிழக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

மோட்டார் உறுமுகிறது, உருளை சுற்றவில்லையா? பெல்ட் அறுந்திருக்கும்.

தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிகிறதா? உடனே நிறுத்துங்கள். எரிவதற்குப் போதிய காற்று கிடைக்கவில்லை என்பதன் அடையாளம் அது. அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உலர்த்தி ஓடும்போது வீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் எல்லாரும் உடனே வெளியேற வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

ஒவ்வொரு முறை துணி போடுவதற்கு முன்பும் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். மாதம் ஒருமுறை அதில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்றால், துணியை மென்மையாக்கும் திரவத்தின் படலம் கண்களை அடைத்திருக்கிறது என்று பொருள். பழைய பல் துலக்கியும் சோப்பு நீரும் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

இயந்திரம் ஓடும்போது வெளியே சென்று குழாயின் வாயில் கை நீட்டிப் பாருங்கள். சூடான காற்று வேகமாக வர வேண்டும். தளர்வாக வந்தால் உள்ளே அடைப்பு இருக்கிறது. குழாய் குட்டையாகவும் வளைவு குறைவாகவும் இருப்பது நல்லது. பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், உலோகக் குழாயே பாதுகாப்பு.

எண்ணெய் படிந்த துணியை உலர்த்தியில் போடாதீர்கள். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குப் பிந்தைய துண்டு, விளக்குத் துடைத்த துணி, சமையலறைக் கைத்துணி ஆகியவற்றில், துவைத்த பிறகும் எண்ணெய் தங்கியிருக்கும். சூடான துணியைக் குவியலாக விட்டால் அந்த எண்ணெய் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். இறுதியில் வரும் குளிரூட்டும் சுற்று முடியும்வரை எந்தத் துணியையும் எடுக்காமல் இருப்பதும் இதனால்தான்.

கை வைக்கக் கூடாதவை

எரிவாயு வால்வு, பர்னர், ரெகுலேட்டர் ஆகியவற்றை வீட்டார் பிரிக்கக் கூடாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற எரிவாயுக் குத்தகையாளரை அழைப்பதே முறை. குழாய் இணைப்பில் கசிவு உண்டா என்று சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் விளக்கு, விசிறி சுவிட்சுகளைத் தொடாதீர்கள். தோம்பின் வால்வை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே சென்ற பிறகு 999-ஐ அழையுங்கள்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தை மறக்க முடியாது. அதுபோல் வெள்ளநீர் புகுந்த உலர்த்தியைக் காயவைத்து ஓட்டிப் பார்க்கக் கூடாது. நீரில் மூழ்கிய எரிவாயு வால்வை மாற்றியே ஆக வேண்டும்.

அந்தத் தாமான் வீட்டில் இளைஞர் புதிய பியூஸ் பொருத்தி, குழாய் முழுவதையும் சுத்தம் செய்தார். துணி முன்போல் காய்ந்தது. மைனா திரும்பவும் வரும் என்ற கவலை அந்த அம்மாவுக்கு.

"கம்பி வலை அடிச்சிடலாமா தம்பி?"

"வேணாம்கா. வலையில பஞ்சு சிக்கி மறுபடியும் அடைச்சிக்கும். காத்து வந்தா திறந்து, நின்னா மூடுற மூடி இருக்கு. அதைப் போடுறேன். மாசம் ஒரு தடவை நீங்க வெளியே வந்து கை நீட்டிப் பாருங்க, போதும்."