வீட்டுத் தோட்டத்துக்கு எந்த விதை உருளைக்கிழங்கு?

பங்காருப்பேட்டை, தங்கவயல் பக்கத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ்களிலும், 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் காலனி வீடுகளிலேயே தங்கிவிட்ட குடும்பங்களிலும், கொல்லைப்புறத்தில் நாலடி மண் உள்ளவர்கள் அதைச் சும்மா போட்டு வைப்பதில்லை. அவரை, கத்தரி, தக்காளி, கீரை என்று ஏதாவது பயிராகிறது. ஆனால் உருளைக்கிழங்கு என்றால் மட்டும், "அதெல்லாம் நமக்கு வருமா?" என்று தயங்குகிறார்கள்.

ஏன் வராது? நாம் குடியிருப்பதே உருளைக்கிழங்குச் சீமை. கோலார், சிக்கபள்ளாப்பூர், ஹாசன் மாவட்டங்களில் ஏக்கர் கணக்கில் விளைகிறது. அங்கே வருவது நம் கொல்லையிலும் வரும். ஆனால் உருளைக்கிழங்கில் விதை சரியாக இருந்தால்தான் மற்ற பாடெல்லாம் பலிக்கும். விதை பொய்த்தால் உரமும் தண்ணீரும் வீண்.

கடைக் கிழங்கு விதையாகுமா?

பலர் செய்வது இதுதான்: மளிகைக் கடையில் 2 கிலோ வாங்கி, நறுக்கிப் புதைத்துவிட்டுக் காத்திருப்பது. சில சமயம் முளைக்கும். பல சமயம் மண்ணுக்குள்ளேயே அழுகிப் போகும்.

இதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, தோண்டி எடுத்த உருளைக்கிழங்கு உடனே முளைக்காது. ரகத்தைப் பொறுத்து ஆறு முதல் பத்து வாரம் வரை அது உறங்கும். இரண்டாவது, சமையலுக்கு விற்கும் கிழங்கு முளை விடாமலிருக்க மருந்துப் புகை போட்டு வைக்கும் கிடங்குகள் உள்ளன. அந்தக் கிழங்கை எத்தனை நாள் புதைத்து வைத்தாலும் பயனில்லை. மூன்றாவது, அது எந்த ரகம், எந்த நோயைச் சுமந்து வந்திருக்கிறது என்பது கடைக்காரருக்கே தெரியாது.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு பாயிண்ட்ஸ்மேன் ஒரு ஜூன் மாதம் 10 கிலோ வாங்கி வந்து, அன்று மாலையே துண்டு போட்டு, மறுநாள் ஈர மண்ணில் நட்டார். பத்து நாளில் தோண்டிப் பார்த்தால் கூழ். மாதக் கடைசியில் கைமாற்றாக வாங்கிய பணம் அது. வீட்டில் அவர் மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

ஜோலார்பேட்டையிலிருந்து வந்து இங்கேயே ஓய்வு பெற்ற கீமேன் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, முளை காட்டினால்தான் அது விதை. இல்லாவிட்டால் குழம்புக்கு எடுத்து வை."

"கடைக்காரன் விதை என்றுதானே அண்ணே கொடுத்தான்?"

"அவன் விற்கிறவன். நீதானே பார்த்து வாங்க வேண்டும்?"

அந்தப் பெரியவர் சொன்னது அனுபவ வாக்கு.

ஜலந்தரிலிருந்து ஏன் வருகிறது?

ஹாசன் மார்க்கெட்டில் மே மாதம் விதைக்கிழங்கு விற்பனை தொடங்கும்போது, மூட்டைகள் பஞ்சாபின் ஜலந்தர் பக்கத்திலிருந்து வந்து இறங்குகின்றன. இங்கே விளைகிற பயிருக்கு அத்தனை தூரத்திலிருந்து விதை ஏன் என்று கேட்கலாம்.

உருளைக்கிழங்குக்கு வைரஸ் நோயைப் பரப்புவது அசுவினிப் பூச்சி. பஞ்சாப் சமவெளியில் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை குளிரில் இந்தப் பூச்சி மிகக் குறைவு. அந்த இடைவெளியில் விதைப் பயிரை வளர்த்து, பூச்சி பெருகுமுன் தழையை அறுத்துவிடுகிறார்கள். கிழங்கு நோயின்றித் தப்பிக்கிறது. பிறகு குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் வைத்து, நடவுக் காலத்தில் தெற்கே அனுப்புகிறார்கள். 1949-ல் பாட்னாவில் தொடங்கி 1956-ல் சிம்லாவுக்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வகுத்துக் கொடுத்த முறை இது. அதன் பிறகுதான் சமவெளியிலேயே நல்ல விதை உண்டாக்க முடிந்தது.

மூட்டையில் சான்று அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. அட்டை இல்லாத மூட்டைகளும் விற்பனைக்கு வருகின்றன. விலை சற்றுக் குறைவு என்று மயங்க வேண்டாம்.

எந்த ரகம்?

ரகங்களின் பெயருக்கு முன்னால் வரும் 'குப்ரி' என்பது சிம்லாவுக்கு அருகிலுள்ள ஆராய்ச்சிப் பண்ணை இருக்கும் ஊரின் பெயர்.

குப்ரி ஜோதி: 1968-ல் வந்தது. நம் பக்கத்து விவசாயிகளுக்கு நன்கு பழகிய ரகம். கண்கள் மேலோட்டமாக இருப்பதால் தோல் சீவும்போது சேதமில்லை. ஒரு காலத்தில் கருகல் நோயைத் தாங்கியது. இப்போது அந்தத் தாங்கும் சக்தி குறைந்துவிட்டது.

குப்ரி சந்திரமுகி: இதுவும் 1968-ம் ஆண்டு ரகம்தான். சுமார் 80 நாளில் எடுக்கலாம். வெந்தால் மாவாக உதிரும். தோசை மசாலாவுக்கு ஏற்றது. கருகல் நோய்க்கு எளிதில் பலியாகும் என்பதால் மழைக்காலத்துக்கு ஆகாது.

குப்ரி புக்ராஜ்: 1998-ல் வெளியானது. மஞ்சள் சதை. சீக்கிரம் பருக்கும், நிறையக் காய்க்கும். குழம்பில் துண்டு உடையாமல் நிற்கும்.

குப்ரி சூர்யா: வெப்பத்தைச் சற்றுத் தாங்குவதற்கென்றே 2006-ல் வெளியிட்ட ரகம். மழைக்கால நோய்க்கு இதை நம்ப வேண்டாம்.

குப்ரி ஹிமாலினி: இதுவும் 2006-ம் ஆண்டு ரகம். ஜோதியைவிடக் கருகல் நோயைத் தாங்கக்கூடியது. மழைக்காலத்தில்தான் நடுவேன் என்பவர்கள் இதைத் தேடிப் பார்க்கலாம்.

இந்தக் கருகல் நோய் சாதாரணமானதல்ல. குளிர்ந்த ஈரக்காற்றில் இலையில் கறுத்த நீர்ப்புள்ளி விழும். அடியில் வெண்பூஞ்சை படரும். சில நாளில் பாத்தியே கருகிவிடும். 1845-ல் அயர்லாந்தில் ஏழைகள் ஒரே ரகக் கிழங்கை நம்பி வாழ்ந்தபோது இந்த நோய் வந்து, அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். ஆகவே சிறு பாத்தியானாலும் இரண்டு ரகமாக நடுவது நல்லது. ஒன்று போனாலும் ஒன்று நிற்கும்.

ஊட்டிக் கிழங்கைக் கொண்டு வராதீர்கள்

நீலகிரியில் உறவினர் உள்ளவர்கள், "ஊட்டிக் கிழங்கு ருசி, அதையே விதைக்கலாம்" என்று மண்ணோடு ஒரு பை கட்டி எடுத்து வருவது உண்டு. இது கூடவே கூடாது.

1961-ல் நீலகிரியில் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குக் கடுகுக்கும் சிறியதாகத் தெரியும் கூட்டுக்குள் இதன் முட்டைகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணே அதற்கு வாகனம். அதனால்தான் நீலகிரி விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை உள்ளது. அந்த மலைக்கென்றே இந்தப் புழுவைத் தாங்கும் குப்ரி ஸ்வர்ணா என்ற ரகத்தை 1985-ல் வெளியிட்டார்கள். 2018-ல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் விதைக்கும் இதே புழுவினால் தடை வந்தது. நம் கொல்லையில் இறங்கிய புழு, பக்கத்து கோலார் விவசாயியின் நிலத்துக்குப் போக அதிக நாள் ஆகாது. நம்மை வாழ வைக்கும் ஊருக்கு நாம் அந்தக் கேட்டைச் செய்யலாகாது.

எப்போது நடுவது?

ஹாசன் விவசாயிகள் மே, ஜூனில் மழையை நம்பி நடுகிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடுவரைதான் தோது. இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போனால்தான் கிழங்கு நன்றாக வைக்கும், மழையும் குறைந்திருக்கும். இங்கே ஆகஸ்ட், செப்டம்பரில் தோண்டிய புதுக் கிழங்கில் சில அப்போதும் உறக்கம் கலையாமல் இருக்கலாம். குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த விதையையே கேட்டு வாங்க வேண்டும்.

பத்தடிக்குப் பத்தடி இடத்தில், வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 8 அங்குலம் விட்டால் 75 குழி வரும். ஒவ்வொன்றும் 40 முதல் 50 கிராம் எடையுள்ள முழுக் கிழங்காக எடுத்தால் மூன்றரைக் கிலோ விதை போதும். செடிக்குக் கால் கிலோ என்று குறைவாகக் கணக்கிட்டாலும் 18 கிலோ கிடைக்கும். நாலு பேர் குடும்பத்துக்கு இரண்டு மாதக் கிழங்குச் செலவு மிச்சம்.

விதையை வாங்கியதும் நடக்கூடாது. நிழலான, காற்றோட்டமுள்ள, மங்கிய வெளிச்சம் படும் இடத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி 10 முதல் 15 நாள் வையுங்கள். குட்டையான, தடித்த முளை வர வேண்டும். நூல் போல முளைத்தவற்றை நீக்குங்கள். பெரிய கிழங்கை வெட்டத்தான் வேண்டுமென்றால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கட்டும். கத்தியைச் சுத்தம் செய்து செய்து வெட்டுங்கள். வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்துப் பிறகு நடுங்கள்.

தக்காளி, கத்தரி, மிளகாய் இருந்த பாத்தியில் உடனே நட வேண்டாம். வாடல் நோய் எல்லாவற்றுக்கும் பொது. தங்கவயல் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: சயனைடு மேட்டு மண்ணை அள்ளி வந்து பாத்தி நிரப்பக் கூடாது.

நட்ட 25, 30 நாளில் மண் அணைக்க வேண்டும். வெயில் பட்ட கிழங்கு பச்சை நிறமாகும். அதில் நஞ்சு உண்டாவதால் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கக் கூடாது. எடுப்பதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, தழையை அறுத்து, தோல் முற்றிய பின் தோண்டுங்கள்.

விளைந்ததில் கொஞ்சத்தை அடுத்த ஆண்டு விதைக்கு எடுத்து வைக்க ஆசை வரும். ஆனால் ஜலந்தரின் குளிர் இங்கே இல்லை. அசுவினி ஆண்டு முழுவதும் உண்டு. சொந்த விதையை நட நட வைரஸ் ஏறி, கிழங்கு கோலிக்குண்டாகச் சிறுத்துவிடும். ஆகவே தோண்டியதையெல்லாம் சமையலுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமான காய்கறிச் செலவில் மூன்றரைக் கிலோ விதையின் விலையைத் தனியே எடுத்து வையுங்கள். குவார்ட்டர்ஸில் நாலைந்து வீடுகள் சேர்ந்து பணம் போட்டால், அட்டை உள்ள மூட்டையாகவே வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.