கார்கில்: நிலமும் மக்களும்

கார்கில் என்னும் பெயர் 1999ஆம் ஆண்டிற்குப் பின்னரே தமிழகத்தில் பரவலாக அறியப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் முதல் சூலை மாதம் வரை நடந்த போரில், பட்டாலிக் மலைமுகட்டில் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் வீரமரணம் எய்தினார். அவருடைய உடலை மீட்பதற்கே ஒரு மாதத்திற்கு மேலாயிற்று. அந்நாள் தொட்டுக் கார்கில் நமக்கு ஒரு போர்க்களத்தின் பெயராகவே நின்றுவிட்டது. ஆயின், அம்முகடுகளின் அடியில் ஊர்கள் உள்ளன. வயல்களும் பள்ளிவாசல்களும் உள்ளன. அங்கு வாழும் மக்களுள் நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள் என்பதைக் கூட நம்முள் பலர் அறியார்.

கார்கில் மாவட்டம் 1979இல் லடாக்கிலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. டிராஸ், சன்ஸ்கார் ஆகிய பகுதிகளைத் தனி மாவட்டங்கள் ஆக்கும் முடிவை 2024இல் ஒன்றிய அரசு அறிவித்தது. எனினும், பழைய எல்லையைக் கொண்டே இங்குக் காண்போம். பரப்பு 14,036 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 1,40,802. அஃதாவது, சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் பேர். அதே கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு இருபத்தாறாயிரம் பேருக்கு மேல் இருந்தனர். காலை வேளையில் தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறுவோர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

பரங்கிமலையையும் பல்லாவரத்துக் குன்றுகளையும் மலையெனக் கண்டு பழகிய கண்ணுக்கு அந்நிலம் புதிது. கார்கில் நகரமே ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில், சுரு ஆற்றின் கரையில் உள்ளது. தெற்கே நுன் சிகரம் 7,135 மீட்டர். தென்மேற்குப் பருவக்காற்றை இமயம் தடுத்துவிடுவதால் கோடைமழை மிகக் குறைவு. விழும் நீரிற் பெரும்பகுதி குளிர்காலப் பனியே. ஆகவே, மலைச்சரிவுகளில் மரமில்லை, புல்லும் அரிது. நம் திணை இலக்கணப்படி மலைநிலம் குறிஞ்சி. ஆனால் தேனும் தினையும் அருவியும் இல்லாத இம்மலையைக் குறிஞ்சியெனக் கொள்ள மனம் ஒப்பவில்லை. பனி உறைந்த பாலை என்பதே பொருந்தும்.

இத்தகைய நிலத்தில் வேளாண்மை எவ்வாறு நடைபெறுகிறது? பனி உருகி வரும் ஓடையை மலைச்சரிவிலேயே மறித்து, கல்லடுக்கிய சிறு கால்வாய் வழியே பல கல் தொலைவு கொணர்ந்து படிவயல்களுக்குப் பாய்ச்சுகின்றனர். கால்வாய் சென்று சேரும் இடம் பசுமை. அதற்கு ஒரு முழம் மேலே வெறும் பாறை. பார்லி, கோதுமை, பட்டாணி விளைகின்றன. வரப்போரம் பாப்ளார், வில்லோ மரங்கள். வீட்டுக்கு வீடு பாதாமி மரங்கள். வெள்ளை விதை கொண்ட லடாக் பாதாமியாகிய 'ரக்ட்சே கார்ப்போ' 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. நீரை முறை வைத்துப் பங்கிடும் பொறுப்பாளரை லடாக்கின் சிற்றூர்களில் 'சுர்போன்' என்பர். 'சு' என்றால் நீர். 'போன்' என்றால் தலைவர். நம் ஏரிப்பாசன ஊர்களில் இருந்த நீர்க்கட்டியை நினைக்கிறோம் அன்றோ! நம் புறநகர் ஏரிகளின் கரையில் வீடுகள் வந்துவிட்ட பின் நீர்க்கட்டிக்கு வேலையில்லை. அங்கோ பனிப்பொழிவு குறைந்த ஆண்டில் விதைப்புக் காலத்து ஓடை மெலிந்துவிடுகிறது; பனியாறுகளும் பின்வாங்கி வருகின்றன. இரண்டு வாரம் நீர் தாமதித்தால், குறுகிய கோடைக்குள் கதிர் முற்றாது.

ஸ்ரீநகரிலிருந்து வரும் சாலை 3,500 மீட்டருக்கு மேல் உள்ள சோஜிலா கணவாயைக் கடக்க வேண்டும். பனிக்காலத்தில் இது நீண்ட காலம் மூடப்பட்டு வந்தது. அண்மை ஆண்டுகளில் அக்காலம் குறைந்துள்ளது. கணவாயை அடுத்த டிராஸில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 20 பாகைக்கும் தாழும். உலர்த்திய காய்கறி, உலர் பாதாமி, மாவு, விறகு, மாட்டுத்தீவனம் யாவற்றையும் இலையுதிர் காலத்திற்குள் சேர்த்து வைத்து, புகாரி என்னும் தகர அடுப்பு எரியும் ஒரே அறையில் குடும்பம் முழுதும் குளிர்காலத்தைக் கழிக்கும். கடும் நோயுற்றவர்க்கு அப்போது வானூர்தியே வழி. 13 கிலோமீட்டர் நீளமுள்ள சோஜிலா சுரங்கப்பாதைப் பணி 2020இல் தொடங்கப்பட்டதன் பொருளை இதனால் உணரலாம்.

மக்களுள் பெரும்பான்மையினர் புரிக் மொழி பேசுவோர். பால்ட்டி மொழியினரும், டிராஸில் ஷினா பேசுவோரும், பட்டாலிக் பக்கம் புரோக்பா மக்களும், சன்ஸ்காரில் பௌத்தரும் உளர். மொழி பயிலும் மாணவர்க்குப் புரிக் ஒரு விருந்து எனின் மிகையன்று. அது திபெத்திய இனத்தைச் சார்ந்தது. திபெத்திய எழுத்தில் விண்மீனை 'ஸ்கர்மா' என எழுதுவர். லாசா நகரத்தார் 'கர்மா' என்றே ஒலிப்பர். தலைநகரம் இழந்த மெய்யொலியைப் புரிக், பால்ட்டி மொழிகள் காத்து வருகின்றன. தமிழகம் பேச்சில் மறந்துவிட்ட 'உவன்', 'உது' என்பவற்றை யாழ்ப்பாணத் தமிழ் காத்ததை இதனுடன் ஒப்பிடலாம். மற்றொன்று: அங்கே தந்தையை 'அத்தா' என அழைப்பர். நம் இராவுத்தர் வீடுகளில் கேட்கும் அதே சொல்! ஒலி ஒப்புமையை மட்டும் கொண்டு உறவு கற்பிப்பது மொழியியல் ஆகாது. ஆயினும் கேட்க இனிக்கிறது.

பால்டிஸ்தான் வழியாகவும் காஷ்மீர் வழியாகவும் இஸ்லாம் இங்கு வந்தது. ஷியா பிரிவினரே மிகுதி. சன்னி, நூர்பக்ஷி பிரிவினரும் உளர். முல்பெக் என்னும் ஊரில் சாலையோரப் பாறையில் மைத்ரேய புத்தரின் பெருஞ்சிலை செதுக்கப்பட்டுள்ளது. அவ்வூரில் முஸ்லிம்களும் பௌத்தரும் அண்டை வீட்டாராய் வாழ்கின்றனர். கேசர் மன்னனின் பழங்காப்பியத்தை இரு சமயத்தாரும் பாடி வந்துள்ளனர்.

ஸ்ரீநகர், லே ஆகிய இரு நகரங்களும் கார்கிலுக்கு ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளன. வடக்கே ஸ்கர்டுவுக்குச் சென்ற வழியும் சேர, இது வணிகச் சாத்துகள் கூடும் சந்தியாயிற்று. முன்ஷி அஜீஸ் பட் 1920இல் கட்டிய சராயில் நடு ஆசியப் பொருள்களும் ஐரோப்பியச் சரக்குகளும் வந்திறங்கின. அங்குக் கிடைத்த பொருள்கள் இன்று அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் உள்ளன. 1947-48 போருக்குப்பின் ஸ்கர்டு வழி அடைபட்டது. வணிகத்தோடு குடும்பங்களும் பிரிந்தன. ஹுந்தர்மான் சிற்றூர் 1971 போரில் இந்தியப் பக்கம் வந்தது. உறவினரிற் சிலர் அப்பால் நின்றுவிட்டனர். மக்கள் விட்டு வெளியேறிய பழைய கல்வீடுகளுள் ஒன்று இன்று நினைவகமாக உள்ளது. எல்லைக்கு அப்பாலிருந்து உறவினர் எழுதிய கடிதங்களை அங்கே காணலாம்.

2019 அக்டோபர் 31 அன்று லடாக் சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதி ஆயிற்று. லே வரவேற்றது, கார்கில் எதிர்த்தது. ஆனால் நிலமும் வேலையும் தம் கையை விட்டுப் போகுமோ என்னும் அச்சம் பின்னர் இரு ஊர்களையும் ஒன்று சேர்த்தது. லே உச்ச அமைப்பும் கார்கில் சனநாயகக் கூட்டணியும் மாநிலத் தகுதியையும் அரசமைப்பின் ஆறாம் அட்டவணைப் பாதுகாப்பையும் ஒரே குரலில் கோரின. 2025 செப்டம்பர் 24 அன்று லேயில் நடந்த போராட்டம் வன்முறையாக மாறி, நால்வர் உயிரிழந்தனர். அதற்கு மறுநாள், லே மக்களுக்கு ஆதரவாகக் கார்கிலில் கடைகள் அடைக்கப்பட்டன.