மீட்டர் காட்டாத தேய்மானம்

மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையிலிருந்து சரக்கேற்றிக் கிளம்பும் மூன்று பிக்அப் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் போய் வருகிறது. இன்னொன்று சாம்ராஜ்நகர் தாண்டித் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலம் போய், திரும்பும்போது அதே வளைவுகளில் பாரத்தோடு ஏறுகிறது. மூன்றாவது ஊருக்குள்ளேயே கடை கடையாக நின்று நின்று போகிறது. சில ஆண்டுகள் கழித்து மூன்றும் விற்பனைக்கு வருகின்றன. மூன்றின் மீட்டரிலும் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர். வாங்க வருபவர் முதலில் கேட்பது ‘எவ்வளவு ஓடியிருக்கு?’ என்றுதான். விலையும் அதை ஒட்டியே பேசப்படுகிறது. ஆனால் ஓடோமீட்டருக்குத் தெரிந்தது சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டும். எவ்வளவு பாரத்தோடு, எவ்வளவு சூட்டில், எத்தனை மணி நேரம் சுற்றியது என்பதே ஒரு சரக்கு வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அதற்கான தடயங்கள் மீட்டரில் இல்லை, வண்டிக்கு அடியில் இருக்கின்றன.

நேரத்தை முதலில் பார்ப்போம். சராசரியாக 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டிக்கு ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் என்பது 3,000 மணி நேர எஞ்சின் உழைப்பு. ஊருக்குள் 20 கிலோமீட்டர் சராசரியில் ஊர்ந்ததற்கு அதே தூரம் 7,500 மணி நேரம். டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் மண் அள்ளும் இயந்திரத்துக்கும் மணிக்கணக்கு மீட்டர் வைப்பது இதனால்தான். பிக்அப்பும் அதே இனத்து உழைப்பாளிதான், ஆனால் அதைக் காரை அளப்பது போல அளந்துகொண்டிருக்கிறோம். ஊர் வண்டிக்கு வேறொரு கேடும் உண்டு. அணைத்து அணைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஆயில் படலம் முழுமையாகப் பரவும் முன்பே பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரில் உரசத் தொடங்கிவிடுகின்றன.

நேரத்தைவிடக் கொடியது பாரம். ரயில் அச்சுகள் ஏன் திடீரென முறிகின்றன என்பதை ஆராய்ந்த பிரஷ்யப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஒன்றைக் காட்டினார். ஒரே தடவையில் முறிக்க முடியாத சிறிய விசையும், லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப விழுந்தால் இரும்பை முறித்துவிடும். ஹெப்பாளுக்குப் பக்கத்து ஹூட்டகள்ளியில் லாரிகளுக்கான அச்சுகளைத் தயாரிக்கும் ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ் போன்ற ஆலைகளின் வடிவமைப்பில் இந்த உலோகச் சோர்வுக் கணக்கு அடிப்படைப் பாடம். சக்கரத்து உருளை பேரிங்குகளுக்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் சூத்திரம் இன்னும் கறாரானது. பாரம் ஒன்றரை மடங்கானால் பேரிங்கின் ஆயுள் ஏறக்குறைய கால்பங்காகிறது, இரண்டு மடங்கானால் பத்தில் ஒரு பங்கு. ஆக, சக்கரத்தின் மேல் விழும் மொத்த எடை ஒன்றரை மடங்காகும் அளவுக்கு ஏற்றி 50,000 கிலோமீட்டர் ஓட்டியவர், அந்தப் பேரிங்கைப் பொறுத்தவரை இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவர். அளவுக்கு மீறி ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் வீதமும் அபராதம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சொல்கிறது. ஆனாலும் சாலையில் என்ன நடக்கிறது என்பது எல்லோரும் அறிந்ததே.

எனவே பரிசோதனை பானெட்டைத் திறப்பதில் அல்ல, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பதில் தொடங்க வேண்டும். பின்பக்க வில்பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) கம்பெனி கொடுத்ததைவிட அதிகப் பட்டைகள் சேர்த்திருந்தால், அதுவே பழைய பாரத்தின் ஒப்புதல் வாக்குமூலம். அச்சு மேலே மோதாமல் தடுக்கும் ரப்பர் நசுங்கியிருப்பதும் அதே சாட்சி. பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றியும், குறுக்குச் சட்டங்கள் சேரும் இடங்களிலும், கேபினுக்குச் சற்றுப் பின்னாலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சேசிஸ் அதிகம் வளைந்து கொடுக்கும் இடங்கள் இவை, விரிசல் விழுவதும் இங்கேதான். ரிவெட்டைச் சுற்றித் துரு கோடாக வழிந்திருந்தால் அது தளர்ந்து அசைகிறது என்று பொருள். சேசிஸுக்கு மட்டும் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால், எதை மறைக்க என்று கேட்கலாம்.

எஞ்சினுக்கு வருவோம். பேரம் பேச வருகிறோம் என்று தெரிந்தால் வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைப்பது பழைய தந்திரம். தேய்ந்த டீசல் எஞ்சின் குளிர்ந்த நிலையில்தான் தன் குறையைக் காட்டும் என்பதால், பானெட்டில் கை வைத்துப் பார்த்துச் சூடாக இருந்தால் மறுநாள் காலை வருவதே நல்லது. ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா? மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பது இதைத்தான். எரிந்த வாயு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசிகிறது. சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை, அது ஏர் ஃபில்டர் அடைப்பாகவும் இருக்கலாம். டீசல் வண்டியில் ஆயில் கறுத்திருப்பது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். பால் போல வெளுத்திருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஆய்வகத்தில் சோதித்தால் பழைய ஆயில் இன்னும் நிறையப் பேசும். சிலிக்கான் மிகுந்திருந்தால் ஃபில்டரைத் தாண்டி மண்தூசி உள்ளே போயிருக்கிறது, இரும்பு மிகுந்திருந்தால் உள்ளே எங்கோ அரைபடுகிறது.

இதற்குச் சில மறுப்புகள் எழலாம். எப்.சி. (தகுதிச் சான்று) புதிதாகத்தானே எடுத்திருக்கிறது என்பார் விற்பவர். சரக்கு வண்டிக்கு எட்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பிரேக், விளக்கு, புகை ஆகியவை அன்றைக்குச் சரியாக இருந்தன என்பதற்கே அது சான்று. உலோகத்தில் மிச்சமிருக்கும் ஆயுளை அது அளப்பதில்லை. எஞ்சின் வேலை முழுவதும் செய்தாகிவிட்டது என்பது அடுத்த வாதம். நல்லதுதான், பில் இருந்தால். எஞ்சினைப் புதுப்பிக்கலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சோர்ந்த சேசிஸை யாரும் புதுப்பிப்பதில்லை, ஏனென்றால் வண்டியின் சட்டப்படியான அடையாளமே அதில் பொறித்த எண்தான்.

அப்படியானால் குறைந்த கிலோமீட்டருக்கு மதிப்பே கிடையாதா? உண்டு, அது உண்மையாக இருந்தால். தேசிய எல்லைகளைத் தாண்டி விற்கப்படும் பழைய கார்களில் 30 முதல் 50 சதவீதம் வரை மீட்டர் திருத்தப்பட்டவை என்ற மதிப்பீட்டை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2018இல் சுட்டிக்காட்டியது. பெல்ஜியத்தில் பட்டறைகள் மீட்டர் எண்ணைப் பதிவு செய்தாக வேண்டும், விற்கும்போது அந்த வரலாற்றுச் சான்றைக் கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் சர்வீஸ் பில்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்ப்பதும், கிளட்ச் பெடல் ரப்பரின் தேய்மானத்தைப் பார்ப்பதும்தான் கைவசமுள்ள வழி. குறைவாக ஓடியது என்பதே சில சமயம் குறையும் ஆகலாம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 மாசு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் வேண்டும். ஊருக்குள் குட்டி ஓட்டங்கள் மட்டுமே ஓடிய வண்டியில் அந்தச் சூடு வராமல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் ஓடியதைவிட இது அதிகச் செலவு வைக்கக்கூடும்.

ஆர்.சி.யில் கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா, சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா, வேறு மாநில வண்டியென்றால் தடையில்லாச் சான்று இருக்கிறதா என்பதைப் பணம் கைமாறும் முன் பார்த்துவிட வேண்டும். ஓட்டிப் பார்ப்பதை வெறும் வண்டியில் செய்யாதீர்கள். அனுமதிக்கப்பட்ட பாரத்தை ஏற்றி, ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். கிளட்ச் வழுக்குவதும், பின் அச்சு முனகுவதும், எஞ்சின் சூடேறுவதும் அப்போதுதான் தெரியும். பேரிங், கிளட்ச், இன்ஜெக்டர் கோளாறென்றால் செலவைக் கழித்து விலை பேசலாம். பட்டை பிராக்கெட் அருகே சேசிஸில் விரிசலோ, விரிசலை மூடிய வெல்டிங்கோ தெரிந்தால், மீட்டரில் 40,000 மட்டுமே இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.