முன்னூல் ஆராய்தல்

ஆராய்ச்சி செய்யப் புகுவோன் முதற்கண் செய்யத்தக்கது யாது? தான் எடுத்துக்கொண்ட பொருளைப்பற்றி முன்னோர் எழுதியவற்றைத் தேடிக் கற்றலும், கற்றவற்றைச் சீர்தூக்குதலும் ஆம். நூற்பெயர்களை அடுக்குதலும், கருத்துகளைச் சுருக்கி வரைதலும் மட்டும் இதற்கு அமையா.

நீலகிரியில் வாழும் தோடரைப்பற்றிய ஆராய்ச்சி இதற்குத் தக்க சான்றாகும். ஆர்க்னெஸ் என்பார் 1832-இல் அவர்களைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1873-இல் மார்ஷல் எழுதிய நூலில், ஜி. யு. போப் தோடமொழியின் இலக்கணச் சுருக்கத்தைச் சேர்த்தார். 1906-இல் ரிவர்ஸ் என்னும் அறிஞரின் பெருநூல் வெளிவந்தது. குடும்பந்தோறும் குடிவழிகளைக் கேட்டுத் தொகுத்த அந்நூல் இன்றும் போற்றப்படுகின்றது. ஆயினும், அவர் மொழிபெயர்ப்பாளர் துணைகொண்டே தோடருடன் உரையாடினார்.

1935-இல் இந்தியாவிற்கு வந்த எமனோ, தோடமொழியைத் தாமே ஆராய்ந்தறிந்தார். ரிவர்ஸ் கண்டவை தந்தைவழிக் குலங்களே. தாய்வழிக் குலங்களும் தோடரிடையே உண்டென்றும், மணவுறவு கொள்ளுங்கால் அவ்விரண்டும் நோக்கப்படுகின்றன என்றும் எமனோ 1937-இல் எழுதினார். முன்னைப் பெருநூலையே முடிந்த முடிபாகக் கொண்டிருப்பின், அம்மக்கள் வாழ்வின் ஒரு கூறு உலகறியாது மறைந்திருத்தல் கூடும். அந்நூலைப் புறக்கணித்திருப்பினோ, அரிய குடிவழிச் செய்திகள் பயன்படாது போயிருக்கும்.

ஆதலின், ஒரு நூலைக் கற்கும்பொழுது, ஆசிரியர் செய்தியை எவ்வாறு அறிந்தார், சான்று யாது, பிறர் கூற்றோடு எங்கே ஒத்தும் எங்கே மாறுபட்டும் நிற்கின்றார், எதனைக் கூறாது விடுத்தார் என நான்கினையும் வினவுதல் வேண்டும். குணத்தை மறையாமலும் குற்றத்தை மிகுக்காமலும் எடைபோடுதலே நடுவுநிலையாம். முன்னோர் கூறாது விடுத்த இடமே புதிய ஆராய்ச்சிக்குத் தொடக்கமாகும்.