அறிவுரை சொல்கிறவரின் கோப்பையில் எத்தனை கரண்டி சீனி?

முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து நீரிழிவுக்கு மருந்தெடுக்க என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் தனியாக வருவது குறைவு. மகனோ, மருமகளோ, அக்காவோ கூட வருவார்கள். நோயாளி வாய் திறப்பதற்குள் கூட வந்தவர் தொடங்கிவிடுவார்: "டொக்டர், நீங்களே இவருக்கு நல்லா ஏசுங்க. எங்கட சொல்லக் கேக்கிறதே இல்ல." ஏசுவதற்கு எனக்கு நேரமில்லை. பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "நீங்க தேத்தண்ணிக்கு எத்தன கரண்டி சீனி போடுறீங்க?" ஒரு சிரிப்பு வரும். "எனக்குத்தான் வருத்தம் ஒண்டும் இல்லையே!"

இந்தக் கட்டுரை நோயாளிகளுக்கானது அல்ல. கூட வருகிறவர்களுக்கானது.

ஏச்சுக்குப் பயந்து ஒளிக்கும் புண்

ஏச்சு வாங்குகிறவர் திருந்துவதில்லை, ஒளிக்கப் பழகுகிறார். வீட்டில் சீனியில்லாத ப்ளேன்டீ, சந்திக் கடையில் பால் தேத்தண்ணியும் பனிஸும். அதையாவது பொறுக்கலாம். புண்ணை ஒளிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் ஈரத்தில் நின்று பெட்டி இறக்குகிறவருக்கு, மரத்துப்போன காலில் முள் ஏறியதே தெரியாது. தெரிந்த பிறகும் வீட்டில் சொல்லமாட்டார். சொன்னால், "அப்பவே சொன்னேனே, கேட்டீங்களா?" என்று ஆரம்பமாகும். ஆகவே சாரத்தால் மறைத்துக்கொண்டு தானே வைத்தியம் பார்க்கிறார். மஞ்சள், பற்பசை, போதாததற்குப் பாமசியில் துண்டில்லாமல் வாங்கிய கப்சியூலை உடைத்துத் தூவுவது. கப்சியூல் விழுங்குவதற்கு ஐயா, அதுவும் மருத்துவர் தந்தால் மட்டும்!

விரல் கறுத்து, நாற்றம் வந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரிகிறது. முதல் வாரத்தில் வந்திருந்தால் கழுவி மருந்து கட்டி அனுப்பியிருக்கலாம். இப்போது சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வீடு கேட்கும் கதைகள்

"அவருக்குத்தானே வருத்தம், எங்களுக்கு எதற்குப் பத்தியம்?" இதுதான் முதல் கதை, மோசமான கதையும் இதுதான். இலங்கையில் 2018-19இல் நடந்த நாடளாவிய ஆய்வொன்றில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 23 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. கிட்டத்தட்ட நாலு பேரில் ஒருவர். தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு இன்னும் கூட. ஒரே இரத்தம், ஒரே சட்டி. இதில் தகப்பனுக்கு மட்டும் அவித்த பயறு. சுற்றியிருப்பவர்களுக்குக் கொத்து ரொட்டியும் சோடாவும். அது பத்தியமா, தண்டனையா? நீரிழிவுக்காரருக்கென்று அதிசய உணவு எதுவும் கிடையாது. குறைந்த சோறு, நிறைய மரக்கறி, கீரை, மீன், பருப்பு. பத்து வயதுப் பிள்ளையும் அதைச் சாப்பிடலாம்.

"சீனி கூடாது, கித்துள் கருப்பட்டி பரவாயில்லை." கருப்பட்டியும் சீனிதான், தேனும் சீனிதான். "சிவப்பரிசிச் சோறு எவ்வளவும் சாப்பிடலாம்." முடியாது. மலைபோலக் குவித்தால் எந்த அரிசியும் சீனியை ஏற்றும்.

"வெறும் வயிற்றில் கமரங்காச் சாறு குடித்தால் சீனி இறங்கும்." தயவுசெய்து வேண்டாம். கமரங்காவில் ஒக்சலேட் மிக அதிகம். அந்தச் சாறு குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். பிலிம்பிங்காய்ச் சாறும் அப்படித்தான். வட்ஸ்அப்பில் இதை அனுப்புகிற மாமாவுக்கு டயலிசிஸ் அறையை ஒருநாள் காட்டவேண்டும் போலிருக்கிறது.

"குளிசை போட்டால் கிட்னி பழுதாகும்." கட்டுப்படாத சீனியும் பிரஷரும்தான் கிட்னியைப் பழுதாக்கும். பயத்தில் குளிசையை நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவின் குளிசையைக் கடன் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு என்ன சொல்வது?

சொல்வதொன்று, செய்வதொன்று என்பது சீனியோடு நிற்பதில்லை. இது கதையல்ல, கண்முன்னே நடப்பது. சிகரெட் வாங்க மகனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அவன் வந்ததும் "நீ இதையெல்லாம் பழகக் கூடாது" என்கிற தகப்பன். 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். பையன் வாய்ச்சொல்லைக் கேட்பானா, விரலிடுக்கைப் பார்ப்பானா?

ஒருவர் விட்டால் மற்றவர் விடுகிறார்

அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் முப்பதாண்டுக் கால விபரங்களை இரண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். கணவனோ மனைவியோ புகைப்பதை விட்டால், மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36 சதவீதம். மருத்துவர்களுக்கும் இது பொருந்தும். புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் எழுதிய ரிச்சர்ட் டோல், அந்த ஆய்வின் நடுவிலேயே தன் சிகரெட்டை விட்டார். பிறகு பிரித்தானிய மருத்துவர்கள் பொதுமக்களை முந்திக்கொண்டு புகைப்பதை விட்டார்கள்.

நம் நாட்டில் நடந்தது இதைவிடப் பெரிது. 2018 அளவில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நகரங்களில் கடைக்காரர்கள் தாங்களாகவே சிகரெட் விற்பதை நிறுத்தினார்கள். யாழ்ப்பாண மாவட்டம் முன்னணியில் நின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடைக்காரர்களிடம் பேசினார்கள், உண்மை. ஆனால் வருமானத்தை விட்டுக்கொடுத்தது கடைக்காரர்கள். அங்கே புகைக்கிறவரிடம் யாரும் பிரசங்கம் செய்யவில்லை. கடையில் சிகரெட் இல்லை, அவ்வளவுதான்.

பரிசோதனை

கூட வருகிற உங்களுக்கும் 35 வயது கடந்திருந்தால், அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்ப்பார்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

அப்பாவை நடக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காக்கைத்தீவுக் கடற்கரைக்குக் கிளம்புங்கள். போகும்போது, "வாறீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். வராவிட்டால் விடுங்கள், மறுநாளும் கிளம்புங்கள். வீட்டில் சீனிப் போத்தலை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள், எல்லோருக்கும் சேர்த்து. வெற்றிலைத் தட்டத்தில் புகையிலையைப் பிள்ளைகள் முன்னால் வைக்காதீர்கள். பாக்கும் புற்றுநோய் தரும், அதுவும் வேண்டாம். காலில் புண் என்று யாராவது சொன்னால், ஏன் எப்படி என்று விசாரிக்காமல் அன்றைக்கே கூட்டி வாருங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குக் கூட வருகிறவர்கள், நோயாளியின் கொப்பியோடு உங்கள் சீனி ரிப்போர்ட்டையும் கொண்டுவாருங்கள். முதலில் அதைத்தான் பார்ப்பேன்.